தட்டணுக்களும் புற்றுநோயும்: ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பிளேட்லெட்' (தட்டணு) என்ற சொல்லை நம்மில் பலர் முதன்முதலில் டெங்குக் காய்ச்சலின்போதுதான் கேட்டிருப்போம். எண்ணிக்கை குறைந்தால் ஆபத்து என்பது அன்று மனத்தில் பதிந்துவிடுகிறது. புற்றுநோய் சிகிச்சைக்குச் செல்லும் குடும்பங்களிலும் அதே சொல் திரும்ப வருகிறது. ஆனால் இங்கே கதை இருபுறமும் கூர்மையானது. தட்டணுக்கள் குறைந்தாலும் இடர், அவை புற்றுநோய்க்குத் துணை நின்றாலும் இடர். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகள் நோயாளிகளும் அவர்களைக் கவனிப்பவர்களும் மருத்துவரின் அறையில் கேட்பவை. சில, கேட்கத் தயங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவை.

தட்டணு என்றால் என்ன? அதன் வேலை என்ன?

எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்னும் மிகப் பெரிய செல்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து உதிரும் சிறு துணுக்குகளே தட்டணுக்கள். ஒரு தட்டணுவின் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். அதற்கு உட்கரு கிடையாது. 7 முதல் 10 நாள் வரை வாழும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. இரத்தக்குழாயில் கீறல் விழுந்தவுடன் அவ்விடத்தில் ஒட்டி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடைப்பாக நிற்பது அவற்றின் முதன்மைப் பணி. 1882-இல் இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சொசேரோ இந்தப் பணியைத் தெளிவாக விளக்கினார். இரத்தத்தை உறையவைப்பதோடு, காயம் ஆறுவதற்கு வேண்டிய வளர்ச்சிக் காரணிகளையும் தட்டணுக்கள் தம் துகள்களில் சுமந்து செல்கின்றன. இந்தச் சுமைதான் பின்னால் சிக்கலுக்குக் காரணமாகிறது.

இரத்தக் கசிவை நிறுத்தும் ஒன்றுக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு?

இந்த உறவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பாரிஸ் நகர மருத்துவர் ஆர்மன் துரூசோ. காரணம் தெரியாமல் நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டிபடுபவர்களிடம் உள்ளே புற்றுநோய் மறைந்திருக்கக்கூடும் என்று 1865-இல் அவர் விளக்கினார். 1867-இல் அவருடைய உடலிலேயே அத்தகைய உறைவு தோன்றியது. அதே ஆண்டு இரைப்பைப் புற்றுநோயால் அவர் இறந்தார். இன்றும் அந்த நிலைக்கு அவருடைய பெயரே வழங்குகிறது.

நூறு ஆண்டுகள் கழித்து, 1968-இல், கேப்ரியல் காசிக்கும் அவருடைய குழுவினரும் எலிகளில் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தார்கள். நுரையீரலுக்குப் பரவும் புற்றுக் கட்டிகள் குறைந்தன. தட்டணுக்கள் புற்றுநோய்ப் பரவலில் பங்கேற்கின்றன என்ற எண்ணம் ஆய்வகத்தில் வேர்விட்டது அங்கேதான்.

புற்றுச் செல் பரவுவதற்குத் தட்டணுக்கள் எப்படித் துணைபுரிகின்றன?

முதல் கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்துக்குள் வரும் புற்றுச் செல்லுக்கு அந்த ஓட்டம் பகைநிலம். இரத்தம் பாயும் விசையே அதைச் சிதைக்கும். இயற்கைக் கொல்லி செல்கள் எனப்படும் எதிர்ப்புப் படை அதை அடையாளம் கண்டு அழிக்கும். உள்ளே வரும் செல்களில் மிகப் பெரும்பாலானவை எங்கும் குடியேறாமல் அழிந்துபோகின்றன. பிழைப்பவற்றுக்குக் கைகொடுப்பவற்றுள் தட்டணுக்கள் முக்கியமானவை.

பல புற்றுச் செல்கள் தட்டணுக்களைத் தூண்டும் பொருள்களைத் தம் மேற்பரப்பில் ஏந்தியிருக்கின்றன. போடோபிளானின் என்ற புரதம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தட்டணுவில் உள்ள ஓர் ஏற்பியோடு (சமிக்ஞையைப் பெறும் புரதத்தோடு) அது பிணைந்ததும் தட்டணுக்கள் கிளர்ந்து புற்றுச் செல்லைச் சுற்றி மூடுகின்றன. அந்த மூடாக்கு கவசமாகிவிடுகிறது. தட்டணுக்கள் தம்மிடம் உள்ள அடையாளப் புரதங்களைப் புற்றுச் செல்லின் மேல் ஒட்டிவிடுவதும் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது. அப்போது கொல்லி செல்களுக்கு அது நம்மவர் போலத் தோன்றுகிறது.

அதோடு நிற்பதில்லை. தட்டணுத் துகள்களிலிருந்து வெளியாகும் டிஜிஎஃப்-பீட்டா என்ற காரணி, புற்றுச் செல்லின் இயல்பையே மாற்றுகிறது: ஓரிடத்தில் ஒட்டி நிற்கும் செல், நகர்ந்து ஊடுருவும் தன்மையைப் பெறுகிறது. இந்த மாற்றத்துக்குத் தட்டணுவும் புற்றுச் செல்லும் சற்று நேரம் தொட்டுக்கொண்டிருப்பதே போதும் என்பதை 2011-இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் குழுவினர் எலிகளைக் கொண்டு காட்டினார்கள். காயத்தை ஆற்றுவதற்காக உடல் சேர்த்துவைத்த கருவிகளைப் புற்றுநோய் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது.

2025-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இன்னொரு வழியை வெளியிட்டார்கள். தட்டணுக்கள் சுரக்கும் திராம்பாக்சேன் ஏ2 என்ற பொருள், புற்றுச் செல்களை வேட்டையாட வேண்டிய டி செல்களை அடக்கிவைக்கிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைக் குறைத்ததும் டி செல்கள் மீண்டும் செயல்பட்டு, எலிகளில் பரவல் குறைந்தது. ஆஸ்பிரின் பற்றிய பழைய கவனிப்புகளுக்கு இது நம்பத்தக்க விளக்கம் தருகிறது. ஆனாலும் எலியில் கண்டது மனிதரில் கண்டதாகாது என்பதை மறந்துவிடக்கூடாது.

இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் அதிகம் என்று வந்தால் புற்றுநோய் என்று பொருளா?

இல்லை. தொற்று, இரும்புச்சத்துக் குறைபாடு, அழற்சி, அண்மையில் நடந்த அறுவை என்று பல காரணங்களால் எண்ணிக்கை கூடும். அவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். காரணம் தெரியாமல் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால் மருத்துவர் மேலும் ஆராய்வார்.

புற்றுநோய் உறுதியானவர்களிடம் உயர்ந்த எண்ணிக்கைக்குத் தனிப் பொருள் உண்டு. 2012-இல் வெளியான சினைப்பைப் (ஓவரி) புற்றுநோய் ஆய்வில், 619 பெண்களில் 31 சதவீதத்தினருக்கு நாலரை லட்சத்துக்கு மேல் இருந்தது. அவர்களுடைய நோய்ப்போக்கும் மோசமாக இருந்தது. கட்டி இன்டர்லூகின்-6 என்ற பொருளைச் சுரக்கிறது. அது கல்லீரலைத் தூண்டித் திராம்போபாய்ட்டினை மிகுவிக்கிறது. அதைக் கேட்டு மஜ்ஜை தட்டணுக்களைக் கூடுதலாகப் பெருக்குகிறது. தனக்கு வேண்டிய துணையைக் கட்டி தானே வரவழைத்துக்கொள்கிறது என்று சொல்லலாம். கீமோதெரபி தொடங்கும் முன் உறைவு அபாயத்தைக் கணக்கிடப் பயன்படும், ஒரு மருத்துவரின் பெயரால் வழங்கும் கொரானா (Khorana) மதிப்பெண்ணிலும், மூன்றரை லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு புள்ளி சேர்க்கப்படுகிறது.

'ரத்தம் நீர்க்கும் மாத்திரை' எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இந்தக் குழப்பம் உண்மையிலேயே தீங்கு விளைவிப்பதால் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சு வழக்கில் இரு வேறு மருந்துக் குடும்பங்களை இந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். உண்மையில் எதுவும் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை.

முதல் குடும்பம் தட்டணு எதிர்ப்பு மருந்துகள்: ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், பிராசுகிரல், டிகாகிரெலார். இவை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. மாரடைப்பு, ஸ்டென்ட் (இதயக் குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்), பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பிறகு தரப்படுபவை இவை. இரண்டாம் குடும்பம் உறைவெதிர்ப்பு மருந்துகள்: ஹெபாரின் ஊசிகள், வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவை. இவை இரத்தத்தில் உள்ள உறைவுப் புரதங்களின் மேல் செயல்படுகின்றன.

ஆஸ்பிரின், தட்டணுவில் உள்ள காக்ஸ்-1 என்ற நொதியை நிரந்தரமாக முடக்கித் திராம்பாக்சேன் சுரப்பை நிறுத்துகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதியை ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. எனவே அந்தத் தட்டணு வாழும் நாள் வரை மருந்தின் விளைவு நீடிக்கிறது. 75 மில்லிகிராம் என்ற சிறிய அளவே இதற்குப் போதுமாக இருப்பதன் காரணம் இதுதான். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் செயல்படும் வழியை 1971-இல் கண்டறிந்த ஜான் வேன் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிளோபிடோக்ரலும் அதன் உறவுகளும் பி2ஒய்12 என்ற வேறோர் ஏற்பியை அடைக்கின்றன.

தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்கிறார்களே?

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி யாருக்குப் பொருந்தும் என்பதே கேள்வி. இதயநோய்த் தடுப்புக்காக முன்பு நடந்த சோதனைகளில் பங்கேற்றவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து, ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பீட்டர் ராத்வெல் 2010 முதல் 2012 வரை ஆய்வுகளை வெளியிட்டார். ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோயும் அதனால் நேரும் இறப்பும் குறைவாக இருந்தன. பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பயன் தெரிந்தது.

இன்னும் வலுவான சான்று லின்ச் நோய்க்குறி உள்ளவர்களுக்கானது. இது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைப் பெரிதும் கூட்டும் பரம்பரை நிலை. ஜான் பர்ன் தலைமையில் 861 பேரிடம் நடந்த சோதனையில், நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் பெற்றவர்களில் சுமார் 9 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரை (ஒப்பிடுவதற்காகத் தரப்படும், மருந்தில்லாத மாத்திரை) பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கும் பின்னாளில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது.

ஆனால் ஆரோக்கியமான முதியவர்களிடம் படம் தலைகீழானது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ சோதனையின் முடிவு 2018-இல் வந்தபோது, 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் இறப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது; அந்தக் கூடுதலில் பெரும்பகுதி புற்றுநோயால் நேர்ந்தது. இரத்தக் கசிவும் மிகுந்தது. பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்புக்காக 50 முதல் 59 வயதினரில் சிலருக்கு ஆஸ்பிரினைப் பரிந்துரைத்திருந்த அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, போதிய சான்று இல்லை என்று கூறி 2022-இல் அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. எனவே, எழுபது வயது கடந்த ஒருவர் நாளிதழ்ச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டுத் தாமாக ஆஸ்பிரின் தொடங்குவது சரியன்று.

எனக்கு ஏற்கெனவே புற்றுநோய் வந்து அறுவை முடிந்துவிட்டது. திரும்ப வராமல் இருக்க ஆஸ்பிரின் உதவுமா?

எந்தப் புற்றுநோய், அந்தக் கட்டியின் மரபணு என்ன என்பதைப் பொறுத்தது. அண்மைக் காலத்தில் தெளிவு வந்திருப்பது இந்தக் கேள்வியில்தான்.

மார்பகப் புற்றுநோயில் நம்பிக்கை நிறைவேறவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,020 பேர் பங்கேற்ற சோதனையில் 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மீள்வருகையைக் குறைக்கவில்லை என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஆசியாவில் பெரும்பாலும் நடந்த அஸ்கால்ட் சோதனையில், கட்டியின் மரபணுவைப் பார்த்துப் பிரிக்காமல் பெருங்குடல் புற்றுநோயாளர்களுக்கு 200 மில்லிகிராம் தந்து சோதிக்கப்பட்டது. நோயற்ற காலம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

நார்டிக் நாடுகளில் நடந்த அலாஸ்கா என்ற சோதனையோ வேறு வழியில் சென்றது. பிஐகே3சிஏ என்ற மரபணுவிலோ அதனோடு தொடர்புடைய மரபணுக்களிலோ மாற்றம் உள்ள பெருங்குடல், மலக்குடல் கட்டிகளை முதலில் பிரித்தெடுத்து, அந்த நோயாளிகளிடம் மட்டும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரினை மூன்று ஆண்டுகள் தந்து சோதித்தார்கள். பிஐகே3சிஏ-இல் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுள், மூன்று ஆண்டு முடிவில் ஆஸ்பிரின் பெற்றவர்களில் 7.7 சதவீதத்தினருக்கும் போலி மாத்திரை பெற்றவர்களில் 14.1 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. அதாவது ஏறத்தாழப் பாதி. 2025-இல் வெளியான இந்த முடிவு, விலை மலிவான ஒரு பழைய மாத்திரையைத் துல்லிய மருத்துவத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயாளர்களில் மூவரில் ஒருவருக்குச் சற்று மேலாக இத்தகைய மரபணு மாற்றங்கள் காணப்பட்டன என்பதால் பயன்பெறக்கூடியவர் தொகையும் சிறிதன்று. அதே வேளையில் ஆஸ்பிரின் பெற்றவர்களிடம் கடுமையான பக்கவிளைவுகள் கூடுதலாகவே இருந்தன.

எனவே இரண்டாம், மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர் புற்றுநோய் மருத்துவரிடம், "என் கட்டியில் பிஐகே3சிஏ பரிசோதனை செய்யப்பட்டதா?" என்று தயங்காமல் கேட்கலாம். அறுவையில் எடுத்த திசு நோய்க்குறியியல் துறையில் பாதுகாக்கப்பட்டிருந்தால் அதிலேயே பரிசோதிக்க முடியும். பிரிட்டன், அயர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளில் மார்பகம், பெருங்குடல், உணவுக்குழாய்-இரைப்பை, புரோஸ்டேட் ஆகிய நான்கு புற்றுநோய்களில் ஆஸ்பிரினைச் சோதிக்கும் 'ஆட்-ஆஸ்பிரின்' என்ற பெரிய ஆய்வில் மும்பையின் டாடா நினைவு மையமும் பங்குகொண்டிருக்கிறது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரலும் எடுக்கிறேன். கீமோ தொடங்கும்போது நிறுத்திவிடலாமா?

தாமாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இந்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். புற்றுநோயே உறைவைத் தூண்டுவது என்பதால் இந்த அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். கீமோவால் தட்டணு குறையும் என்று கேள்விப்பட்டு, அச்சத்தில் வீட்டிலேயே மாத்திரையைத் தள்ளிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது, ஆனால் முடிவு தவறானது.

எண்ணிக்கை குறைந்தாலும் உடனே எல்லாம் நிறுத்தப்படுவதில்லை. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2022 வழிகாட்டுதலின்படி, புற்றுநோயாளருக்கு மாரடைப்புப் போன்ற நிலை ஏற்படும்போது, தட்டணு 10,000-க்குக் கீழ் இருந்தால் ஆஸ்பிரினும், 30,000-க்குக் கீழ் இருந்தால் கிளோபிடோக்ரலும், 50,000-க்குக் கீழ் இருந்தால் பிராசுகிரலும் டிகாகிரெலாரும் தவிர்க்கப்பட வேண்டும். இரண்டு மாத்திரைகள் எடுப்பவருக்கு ஒன்றாகக் குறைப்பது, வலுவானதற்குப் பதில் மென்மையானதைத் தருவது, வயிற்றைக் காக்கப் பான்டோபிரசோல் போன்றதைச் சேர்ப்பது என்று இடைவழிகள் பல உண்டு. இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது. ஸ்டென்ட் வைத்த தேதியும் மருந்துச் சீட்டும் இரு மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

எந்த எண்ணிக்கையில் பிளேட்லெட் ஏற்றுவார்கள்?

இரத்தக் கசிவு இல்லாத கீமோ நோயாளிக்கு வழக்கமான எல்லை 10,000. காய்ச்சலோ தொற்றோ இருந்தால் மருத்துவர் சற்று முன்னதாகவே ஏற்றக்கூடும். பெரிய அறுவைக்கு 50,000-மாவது தேவை. மூளை, கண் அறுவைக்கு ஒரு லட்சம். தட்டணுக்களை அறை வெப்பத்தில், இடைவிடாமல் அசைத்தபடி, ஐந்து நாள் அளவில்தான் வைத்திருக்க முடியும் என்பதால் கொடையாளர் தேவை எப்போதும் அவசரமாகவே எழுகிறது. எஸ்.டி.பி. என்பது ஒரே கொடையாளரிடமிருந்து இயந்திரம் வழியாகப் பிரித்தெடுப்பது. ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருக்கும் கொடையாளர் அதை இரத்த வங்கியில் கட்டாயம் சொல்ல வேண்டும். அவருடைய தட்டணுக்கள் பெறுபவருக்குச் சரியாகப் பயன்படா.

காலில் வீக்கம், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறது என்கிறார்கள். ஆஸ்பிரின் போதாதா?

போதாது. ஆழ்நாள உறைவுக்கும் நுரையீரலில் போய் அடைக்கும் உறைவுக்கும் உறைவெதிர்ப்பு மருந்துகளே சிகிச்சை: குறைந்த மூலக்கூறு எடை ஹெபாரின் ஊசி, அல்லது அபிக்சபான் போன்ற மாத்திரை. ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவருக்கு இதையும் சேர்க்கும்போது கசிவு அபாயம் கூடும் என்பதால், ஆஸ்பிரின் இன்னும் தேவைதானா என்பதை மருத்துவர் மறுபடி பார்ப்பார்.

ஆஸ்பிரின் சிகிச்சையின் வழக்கமான பகுதியாகவே இருக்கும் புற்றுநோய்கள் உண்டா?

உண்டு. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய்க்குத் தாலிடோமைடு, லெனலிடோமைடு மருந்துகளைத் தரும்போது உறைவு அபாயம் கூடுகிறது. குறைந்த அபாயமுள்ளவர்களுக்கு ஆஸ்பிரினும் மற்றவர்களுக்கு ஹெபாரின் போன்றவையும் தரப்படுகின்றன. சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வேரா என்ற இரத்தப் புற்றுநோயில் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் உறைவுகளைக் குறைக்கிறது என்பதை 518 பேரிடம் நடந்த எக்லாப் சோதனை 2004-இல் காட்டியது. தட்டணுக்களே பெருகும் எசென்ஷியல் திராம்போசைத்தீமியாவில் பலருக்கும் ஆஸ்பிரின் உண்டு. ஆனால் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டும்போது, வியப்பாகத் தோன்றினாலும், உறைவுப் புரதம் ஒன்று குறைந்து கசிவே ஏற்படக்கூடும். அதைப் பரிசோதித்த பிறகே ஆஸ்பிரின் தருவார்கள்.

கிளோபிடோக்ரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று படித்தேன்.

நீண்டகாலப் பயன்பாடு குறித்த ஒரு சோதனையின் முடிவால் அந்த ஐயம் எழுந்தது உண்மை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து, அது புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்று 2015-இல் அறிவித்தது.

வேறு மருந்துகள், கைவைத்தியம் ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஆஸ்பிரினோடு சேரும்போது வயிற்றில் கசிவு அபாயம் கூடும். அவற்றுள் இபுபுரோஃபென் ஆஸ்பிரினின் தட்டணு விளைவையும் கெடுக்கலாம். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டு வாங்கும்போதும் இதை நினைவில் கொள்ளுங்கள். பல தலைவலி மாத்திரைகளில் ஆஸ்பிரினே இருக்கும். சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் இப்ரூட்டினிப் தட்டணுக்களின் செயலைக் குறைப்பதால், ஆஸ்பிரினோடு சேர்க்கும்போது தனிக் கவனம் வேண்டும். மருத்துவர் சொல்லாமல் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரக்கூடாது. ரை நோய்க்குறி என்ற கொடிய கல்லீரல், மூளைப் பாதிப்பு நேரலாம்.

பப்பாளி இலைச் சாறு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கீமோவால் குறையும் தட்டணுவுக்கு அது பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. டெங்குவில் கேட்டதை இங்கே பொருத்திப் பார்க்க முடியாது, ஏனென்றால் கீமோவில் மஜ்ஜையின் உற்பத்தியே தற்காலிகமாக அடங்கியிருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

அறுவைக்கும் பல் பிடுங்குவதற்கும் முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

ஒவ்வொரு நாளும் தட்டணுக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புதிதாக வருகின்றன. ஆகவே ஆஸ்பிரினின் விளைவு முழுதாக நீங்க ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். கிளோபிடோக்ரலைப் பெரும்பாலும் ஐந்து நாள் முன்பு நிறுத்துவார்கள். ஆனால் பல அறுவைகளை ஆஸ்பிரினை நிறுத்தாமலே செய்கிறார்கள். நாள்களைக் கணக்கிட்டு நீங்களே நிறுத்த வேண்டாம்.

எந்த அறிகுறி தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், இரத்த வாந்தி, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு இரத்தம், தோலில் குண்டூசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகள், திடீரென வரும் கடும் தலைவலி, ஒரு பக்கம் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை கசிவையோ அடைப்பையோ குறிக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் காத்திருக்கக்கூடாது. டெங்கு பரவும் மாதங்களில் ஆஸ்பிரின் எடுக்கும் புற்றுநோயாளருக்குக் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இராமல் அன்றே இரத்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் பட்டியலை அவசரப் பிரிவில் முதலில் கையில் கொடுங்கள்.